கணுக்கால் தண்ணீரில் ஒரு பட்டிமன்றம்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தாமரைக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் வலது முட்டியைத் தவிர. கிளாஸ்கோ குளிரில் நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கத்தான் போன் போட்டேன். எட்டு வாரமாக நீ எடுக்கவில்லை. அம்மாவின் போனைக் கேட்டால், நீங்க கத்துனதுக்கு நான் ஏன் என் போனக் குடுக்கணும் என்கிறாள். ரயில்வேயில் சிக்னல் ரிப்போர்ட் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவைப் பிடிக்கிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன் மழை ஆராய்ச்சியைப் பற்றி இங்கே ஒரு பேப்பரில், இன்னும் ஐந்தே வருடத்தில் கிள்ளான் கடலுக்குள், உள்ளூர்ப் பெண் எச்சரிக்கை என்று உன் படத்தோடு போட்டான் அல்லவா, அன்றைக்கே எதிர்வீட்டு லோகன் கேட்டில் வந்து நின்று, அண்ணே, உங்க மகளே சொல்லிட்டா, வீட்ட வித்துட்டு மேட்டுப்பக்கம் ரவாங் போயிடலாமா, இல்ல போட் வாங்கிடலாமா என்றான். பாசாரில் மீன்காரன்கூட, இனிமே மீன் வீட்டுக்கே வந்துரும்லா அங்கிள் என்று இளித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உன்னைக் கூப்பிட்டு, ஊரப் பயமுறுத்தித்தான் பேர் வாங்கணுமா, இதுக்கா உன்னப் படிக்க வச்சேன் என்று கத்தினேன். நீ போனை வைத்துவிட்டாய்.

இப்படி இருக்கும்போது போன ஞாயிறு மத்தியானம், அன்னதானம் முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். மக்களை அதிகம் அச்சுறுத்துவது மாறிவரும் பருவநிலையா, மிகைப்படுத்தும் ஊடகமா என்பது தலைப்பு. ஊடகம் என்ற அணிக்கு நான்தான் தலைவன், வேறு யார்! எதிரணிக்கு மருந்துக்கடை மாதவி. நடுவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ரெங்கசாமி, தீர்ப்புச் சொல்லும்வரை யாரையும் கக்கூசுக்குக்கூட விடாத மனுஷன். மாதவி எடுத்த எடுப்பிலேயே பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் முதலை நீந்துகிறது என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டியது. நான் எழுந்து, அம்மா, வீடியோவுல தெரியிற கடை போர்டுல இருக்கிற எழுத்து நம்ம நாட்டு எழுத்தே இல்லையே என்றேன். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்.

அந்த நேரம் பார்த்து வெளியே மழை கொட்டியது. பின்வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. இதோ பருவநிலையே சாட்சிக்கு வந்துருச்சு என்று மாதவி கத்தியது. ரெங்கசாமி சார் மணியை அடித்து, மண்டபத்துக்குள் வந்த தண்ணீரை எந்த அணியும் ஆதாரமாகக் காட்டக்கூடாது என்று உத்தரவு போட்டார். ஒருவரும் எழுந்து போகவில்லை, தீர்ப்பு வரவில்லையே! காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். மிதந்து போன செருப்புகளின் நிறத்தை ஒருவர் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தொண்டர்கள் வந்து, அன்னதானத்துக்குப் போட்ட முந்நூறு வாழை இலையும் பின்பக்க லோங்காங் சாக்கடையில் அடைத்துக் கிடக்கிறது என்றார்கள். பாத்தீங்களா, இலைதான் காரணம் என்று நான் துள்ளினேன். இலை சும்மாவா கிடந்துச்சு, மழை பெய்யவும்தானே தண்ணி ஏறுச்சு என்றது மாதவி. இலையையும் ஆதாரமாகக் காட்டக்கூடாது என்று சார் மறுபடி மணி அடித்தார்.

கடைசியாக, பேப்பருக்குத் தீனி போட்டதே நீதான் என்று உன்னையே மடக்கிவிடலாம் என்று உன் ஆராய்ச்சியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மூன்று பக்கத்துக்குமேல் படித்திருக்கவில்லை. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு முடிவுரை இருந்த பத்தொன்பதாம் பக்கத்தைப் பிரித்து, என் மக என்ன புளுகியிருக்கான்னு கேளுங்க என்று சொல்லிவிட்டு, தமிழாக்கிப் படித்தேன். ஒரு நாள் மழையை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது, ஆனால் இப்படிப்பட்ட பெருமழை முன்பைவிட அடிக்கடி வர வாய்ப்புக் கூடியிருக்கிறது, எந்த ஊர் எப்போது மூழ்கும் என்று இந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. அவ்வளவுதான் இருந்தது. மேலேயும் கீழேயும் தேடினேன். கடலும் இல்லை, ஐந்து வருடமும் இல்லை.

தாளைக் கீழே இறக்கினேன். என் மக இதச் சொல்லவே இல்ல என்றேன், மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. என் அணிக்காரன் சட்டையைப் பிடித்து இழுத்து, அண்ணே, நீங்க யார் பக்கம்லா என்றான். ரெங்கசாமி சார் மணியை அடித்து, இரண்டு அணியும் முதலில் லோங்காங்கைச் சுத்தம் செய்யட்டும் என்று தீர்ப்புச் சொல்லி, நனைந்த பொன்னாடையை எனக்கும் மாதவிக்கும் போர்த்தினார். பொன்னாடையோடு இலை அள்ளியதில்தான் முட்டி போய்விட்டது.

தாமரை, பேப்பர்காரன் எதையும் ஊதிப் பெரிதாக்குவான் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த நான், அவன் போட்ட தலைப்பை நம்பித்தான் உன்னைத் திட்டினேன். என் மகள் என்ன எழுதினாள் என்று பார்க்கக்கூட இல்லை. அது தப்பு, பெரிய தப்பு. அன்றிலிருந்து மீதிப் பக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறேன், பாதி புரியவில்லை.

நம்ம கோயில் ஆத்தா புண்ணியத்தில் நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. இனி சனிக்கிழமைதோறும் சாயங்காலம் கூப்பிடுவேன், மறக்காமல் எடு அம்மா. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசவேண்டாம், போனைச் சும்மா காதில் வைத்துக்கொண்டிரு, அது போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பரமேஸ்வரன்