பல் தெரிந்த படம்

2010 ஆவணி 12, வியாழன்

களுவாஞ்சிக்குடியில் சமாதானக் கூட்டம். சோமாலியாவில் குலத்துக்குக் குலம் சுட்டுக்கொண்டவர்கள் மரத்தடியில் இருந்து பேசி ஒற்றுமையானதை வெள்ளைக்காரர் சொன்னார். மொழிபெயர்த்த பிள்ளை குலத்தை, தாய்வழியில் நாங்கள் சொல்லும் 'குடி' என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த பெரியம்மாவின் மகன், என் அண்ணன்முறை, அவரும் நானும் ஒரே குடிதான். ஆறு வருசத்துக்கு முன் போராளி இயக்கம் வடக்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிந்தபோது அந்த அண்ணனின் மகன் நின்ற பக்கம்தான் என் மகனைச் சுட்டது.

படம் எடுக்க எங்கள் இருவரையும் கைகுலுக்கச் சொன்னார்கள்.

"குடுடா தம்பி, நம்மட மூஞ்சியும் வெளிநாடு பாக்கட்டும்" என்றார் அண்ணன்.

கமராவைக் கண்டால் எனக்கு மறதி. குடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், மகன் போனதிலிருந்து அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காத என் மனுசி கேட்டாள்: "அவரோட கதைச்சியளோ?"

"இல்ல" எண்டுபோட்டன்.

படத்தைச் சட்டம் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாம். அதில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.