இரண்டு சட்டி

செய்யூர்,
ஆடி 20, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகள் பிரபாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பினால் நீலக் கோடு மட்டும் வருகிறது. அதற்காகக் கோபப்படவில்லை. காகிதம் என்றால் ஒரு முறையாவது கடைசி வரை படிப்பாய் என்று இதை எழுதுகிறேன்.

இங்கே கடலை பிடுங்கி முடித்தாயிற்று. இரண்டு நாள் மழையில் கொஞ்சம் முளைத்துவிட்டது. அப்பாவுக்கு முட்டி வலி குறையவில்லை. பள்ளியில் எனக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்புக் கணக்கும் கொடுத்திருக்கிறார்கள். மோகனின் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எடுத்துப்போகச் சொல்லி மறுபடியும் ஆள் வந்தார். அப்பா போகவில்லை.

பார், உன் அண்ணன் பெயரை எழுதிவிட்டேன். இரண்டு வருஷமாக நானும் அப்பாவும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்கு இரண்டாம் வருஷப் படையல். சுதந்திர தினம், உங்கள் ஹாஸ்டலுக்கும் லீவுதான். அதற்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரம் கடலில் நீ ஞானஸ்நானம் எடுக்கப்போகிறாய் என்று தெரியும். அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, மாட்டிடம் சொல்வது போலச் சொன்னார்: “முழுக்கு எட்த்துகினா இந்த வூட்டுப் படி மிதிக்கக் கூடாது.” உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான், உனக்கே தெரியும். அதனால் அந்த வெள்ளிக்கிழமை தவறினால், இந்த வீட்டில் நீ உட்கார்ந்து சாப்பிடும் நாள் இனி எப்போது வருமோ, எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை நான் நெம்மேலிக்குப் போனேன். உன்னைச் சபை முகாமுக்குக் கூட்டிப்போன சாராள் அக்காவைப் பார்க்கத்தான். சண்டை போடத்தான் போனேன், மறைக்க மாட்டேன். என்னென்ன கேட்பது என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பெரிய சபை, பெரிய கட்டடம் என்று நினைத்திருந்தேன். ஒரு தையல் மிஷின், ஒரு கட்டில், ஸ்கூல் யூனிபார்ம் மூட்டை. அவ்வளவுதான் வீடு. நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் எழுந்து நின்று, “மோகன் அம்மாவா நீங்க?” என்று கேட்டார்.

பிரபா அம்மா என்றுதான் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

அவன் விசில் அடித்துக்கொண்டே குளிப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நெத்திலிக் கருவாடு போட்ட கத்திரிக்காய்க் குழம்பு வைத்தால் நான்கு தட்டு சாப்பிடுவான் என்பதும், உனக்கு ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுத்து மாட்டிக்கொண்டதும் தெரிந்திருந்தது. முகாமில் மூன்று நாளும் நீ அவனைப் பற்றியே பேசினாயாம். உன்னை அங்கே மயக்கி இழுத்தார்கள் என்றுதான் நான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அங்கே யாரோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். இங்கே நீ அவன் பெயரை எடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஆனாலும் எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கவில்லை. உங்கள் கணக்குப்படி என் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான் என்று நேராகவே கேட்டேன். மிஷினை நிறுத்திவிட்டு ஊசியிலிருந்து துணியை எடுத்தார். பிறகு, “தெர்லம்மா. தெரியும்னு சொன்னா அது பொய்யி” என்றார். அதற்குப் பிறகுதான் அவர் கொடுத்த டீயைக் குடித்தேன்.

கிளம்பும்போது அவராகவே ஒன்று சொன்னார். ஜெபக் கூட்டம் முடிந்து வேனில் பிள்ளைகளை மெயின் ரோட்டில் கொண்டுவந்து விடுவார்களாம். மற்ற பிள்ளைகளெல்லாம் வீட்டுக்குப் போன் செய்து ஆளை வரச்சொல்லுமாம். “உங்க பொண்ணு மட்டும் இன்னா பொண்ணும்மா. மழ கொட்டுது, யாரையாவது கூப்புடும்மான்றேன், நான் யாரையும் கூப்புட மாட்டேன்க்கா, நடந்தே பூட்றேன்னுது. அவ்ளோ ரோஷமா?” என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

மோகன் போன அன்றைக்கு நீ கல்பாக்கத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு, அண்ணா வந்து கூட்டிக்கொண்டு போ என்று போன் செய்தாய். அவன் பாதி டீயை வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். கூவத்தூர் வளைவைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் நீ ஓடி வந்தபோது நான் உன் தோளைப் பிடித்து உலுக்கி, “நீ ஏன்டி அவன கூப்ட்ட?” என்று கேட்டேன். ஒரு தடவைதான் கேட்டேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. பேசாமல் இருந்தால் மறந்துபோகும் என்று நினைத்தேன்.

முகாம் முடிந்து வந்த அன்று, முகமெல்லாம் தெளிவாக, “அவர் என்ன கூப்ட்டாரும்மா” என்று சொன்னாய். உன்னை அறைந்தேன். உன் சாமிக்காக அறைந்தேன் என்று நீ நினைத்தாய். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். உண்மையில் அந்தச் சொல்லுக்காகத்தான் என் கை எழுந்தது, பிரபா. கூப்பிட்டார் என்ற சொல்லை என்னால் கேட்க முடியவில்லை. இதை எனக்கு நானே ஒப்புக்கொள்ள இத்தனை நாள் ஆயிற்று.

இனி போன வருஷப் படையல். படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்றாய். படைப்பதற்கு முன்னாலேயே உனக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன் என்று சொன்னேன். நீ என்னை நம்பிச் சாப்பிட்டாய். ஜோதிலட்சுமி அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. கை கழுவும்போதே, “எலைல வெச்சி எட்த்தத தான்டி துன்ன நீ. உன் ஏசு கண்ண குத்திட்டாரா இன்னா?” என்றாள். நீ கத்தவில்லை. கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தாய். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போனவள் தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை.

சாராள் அக்காவிடம் இதையும் கேட்டேன், படைத்த சோற்றைத் தின்றால் என்ன ஆகிவிடும் என்று. “சோத்துக்காவ அது அழுவல. அம்மா பொய் சொன்னாங்கன்னு தான் அழுதுச்சி” என்றார்.

ஏன் பொய் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். படையலுக்கு முன்னால் சட்டியில் கை வைத்தால் அது மிச்சமாகிவிடும். உப்புகூடப் பார்க்காமல்தான் இறக்குவோம். உனக்கு முதலில் எடுத்தால் அவனுக்கு எச்சில் சோறு வைத்ததாக ஆகும். அவனுக்கு முதலில் வைத்தால் நீ தொட மாட்டாய். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றேன். கடைசியில் அவனுக்கு முதலில் வைத்துவிட்டு, உன்னிடம் பொய் சொன்னேன்.

இரண்டு சட்டி வைத்திருக்கலாம். இவ்வளவு சின்ன விஷயம். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறவளுக்கு அது தோன்றவில்லை. தோன்றாததற்கு என்ன காரணம் என்று யோசித்தேன். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வருஷம் முழுவதும் நான் ஒரே பிள்ளைக்குத்தான் சமைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி. உன் சட்டி மாட்டுக் கொட்டகைப் பக்கம், வெளியில் கல் கூட்டி வைப்பேன். உள்ளே இருந்து எதுவும் அதற்குள் போகாது. கரண்டிகூட வேறு. நீ நம்ப வேண்டாம். நம்பு என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. காலையிலேயே வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். உப்பும் நீயே பார். நீ கும்பிட வேண்டாம், பொட்டு வைக்க வேண்டாம். அத்தை ஏதாவது பேசினால் நான் பதில் சொல்வேன். அப்பாவுக்கு நான் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அவர் எழுந்து வெளியே போய்விடலாம். அப்படிப் போனாலும் நீ இலையை விட்டு எழுந்திருக்காதே.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்னைக் கூப்பிடாதே, வர மாட்டேன். கரையில் நின்று உன்னைத் தண்ணீருக்குள் அமுக்குவதைப் பார்க்க என்னால் ஆகாது. போகாதே என்றும் சொல்ல மாட்டேன். உன் சாமியை ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சித்திரையிலிருந்து ஸ்கூட்டி ஓட்டப் பழகினேன். நாற்பத்தாறு வயதில் இரண்டு தடவை விழுந்து, முழங்கையில் தழும்பு. ஆனால் இப்போது கல்பாக்கம் வரை தனியாகப் போய் வருகிறேன். கூவத்தூர் வளைவில் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு, கொஞ்சம் நின்று பிறகு போவேன்.

வெள்ளிக்கிழமை கல்பாக்கத்தில் இறங்கியதும் நடக்காதே. பஸ்ஸுக்கும் நிற்காதே. மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. போனை எடுத்து, அம்மா, வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொல். மெதுவாகத்தான் வருவேன், ஆனால் வந்துவிடுவேன்.

என்னைக் கூப்பிடு, பிரபா.

உன் அம்மா,
தமிழ்ச்செல்வி