என்னிடம் சொல்லாத கால் மில்லிமீட்டர்

செஞ்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரஞ்சனிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் சுகமாக இருக்கிறோம், உனக்குச் சளி விட்டதா, புனே குளிரில் ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே செல்லமாக இரண்டு வார்த்தை பேசுவாய், நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். இதை நீ முழுதாகக் கேட்க வேண்டும்.

கடலை உடைக்கிற மெஷின்கள் ரிப்பேருக்கு நம் லேத் கடைக்கு வரிசையாக வருகின்றன, என்னால் லேத்தை விட்டு நகர முடியவில்லை. போன மாதம் வல்லத்திலிருந்து ஷாஃப்ட் கடையக் கொடுக்க வந்த தனகோட்டி அண்ணன் நம் வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னா சுமலதா, எஞ்சினக் கழட்டிட்டு பொம்மக் காராட்டம் பேட்டரி போட்டு வச்சிக்கிற, ரிமோட்டு எங்க என்று கேட்டுச் சிரித்தார். வண்டி ஓடி அவருக்குப் பதில் சொல்லட்டும் என்று நானும் சிரித்தேன். அது ஓடக்கூடாது என்பது அன்றைக்கே என்னைத் தவிர நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நினைத்துப் பார். மே மாதம் நீ வந்தபோது மூன்று பேருமாகத்தான் பெட்ரோல் எஞ்சினை இறக்கினோம். அதற்குப் பதில் பேட்டரியில் ஓடுகிற மோட்டாரை நீ தேர்ந்தெடுத்தாய், அது வந்து சேரப் புரட்டாசி ஆகிவிட்டது. மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற கப்ளிங் மட்டும் உன் வேலைம்மா, வேற யார் கைக்கும் குடுக்காத என்றாய். பழைய கிளட்ச் பிளேட்டின் நடுவில் பல் வெட்டியிருக்கும் துண்டை அறுத்தெடுத்து, மோட்டார் ஷாஃப்டில் ஏறுகிற மாதிரி ஒரு இரும்பு உருளை கடைந்து, இரண்டையும் வெல்டு வைத்தேன். கடை வேலை போக மிஞ்சிய நேரத்தில் ஒரு மாதம் ஆனது. வீடியோவில் அதைச் சுழற்றி, ஆட்டத்தை அளக்கிற டயல் முள்ளை உனக்குக் காட்டினேன். சூப்பர்மா, நீ கலக்கிட்ட என்று கை தட்டினாய். வீட்டு விஷயத்தை வெளியே பேசாதவள் நான், அன்று பக்கத்து வீட்டு ஜாஹிதா அக்காவைக் கூப்பிட்டு என் பெண் இப்படிச் சொன்னாள் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு வண்டியை ரோட்டுக்கு எடுக்கலாம் என்றால் உன் நைனா ஒரு நாள் அமாவாசை என்றார், ஒரு நாள் ராகுகாலம் என்றார், ஒரு நாள் எலுமிச்சம்பழம் இல்லை என்றார். கல்யாண முகூர்த்தத்துக்கே காலண்டர் பார்க்காத மனுஷன். மூன்றாவது வாரம் நான் சாவியை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார். பாப்பாதான் சொல்லிச்சி, கப்ளிங் ஆடுதாம், வேகமா ஓட்டினா கியர்பாக்ஸே சிதறிடுமாம், அம்மாகிட்ட சொல்லாதீங்க நைனா மனசு ஒடஞ்சிடும், எப்படியாவது தள்ளிப் போடுங்கன்னு சொல்லிச்சி என்றார்.

தப்பு என்னுடையதுதான். கடலை மெஷின் பெல்ட்டில் மெதுவாகச் சுற்றுகிறது, அதற்கு அரை மில்லிமீட்டர் ஆட்டம் வரை விட்டுவிடுவேன். இதில் கால் மில்லிமீட்டர்தானே என்று பெருமையோடுதான் உனக்கு முள்ளைக் காட்டினேன். நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றுகிற மோட்டாருக்கு அது எத்தனை பெரியது என்று எனக்குத் தோன்றவில்லை. மெஷினுக்கு வைக்கிற மாதிரியே வெல்டையும் ஒரே இழுப்பில் சுற்றி வைத்துவிட்டேன், சூட்டில் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. அந்த முள் ஆடியதை நீ பார்த்தாய். பார்த்துக்கொண்டே கை தட்டினாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்த லேத்தில் நிற்கிறேன், வேலை சரியில்லை என்று எத்தனையோ பேர் முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறார்கள், திருத்திக் கொடுத்திருக்கிறேன். நீ என்னைத் திருத்தவே விடவில்லையே. குழந்தை கிறுக்கிய படத்தைப் புகழ்வது போலப் புகழ்ந்துவிட்டு, பெரியவர்கள் பேச்சை நைனாவோடு பேசியிருக்கிறாய்.

அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. குழம்பில் உப்பில்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார், சொல்லாமல் இருப்பதில் தேர்ந்துவிட்டார்.

கப்ளிங்கை அறுத்துப் போட்டுவிட்டு வேறு கடைந்தேன். இந்தத் தடவை எதிரும் புதிருமாகப் புள்ளி புள்ளியாக வெல்டு வைத்து, ஆறவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் டயல் வைத்துப் பார்த்தேன். முள் அசைவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வண்டியில் பூட்டவில்லை. வீடியோவும் அனுப்ப மாட்டேன். பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, உன் கையால் சுழற்றிப் பார்த்து, சரியில்லை என்றால் சரியில்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, கண் விழித்துக் கம்ப்யூட்டர் பார்க்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாயிரு கண்ணு, அதில் எனக்கு வேறு மனசு கிடையாது. ஒன்று மட்டும் மறக்காதே. இதைப் படித்ததும் அம்மாவுக்குக் கோபம் தீர்ந்ததா என்று நைனாவுக்குப் போன் போட்டுக் கேட்காதே. தீரவில்லை. என்னையே கூப்பிட்டுக் கேள்.

உன் அம்மா
சுமலதா