சீந்தில் கசாயம் பற்றிய அறிக்கை

அனுப்புநர்:
மு. கலியமூர்த்தி,
சூளை மேஸ்திரி,
பீங்கான் தொழிலாளர் குடியிருப்பு,
விருத்தாசலம், தென்னார்க்காடு ஜில்லா.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட மருத்துவ அதிகாரி அவர்கள்,
கடலூர்.

பொருள்: சீந்தில் கசாயத்தால் பயனில்லை என்ற அறிக்கையைத் திருத்தவும், அதனால் காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்ட ஒன்பது பேரை மீண்டும் வரவழைக்கவும் வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவை நானே எழுதுகிறேன். என் படிப்பு எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையோடு நின்றாலும், தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாக்கள் என் மனுவைப் பார்த்து, எழுதிய வக்கீல் யார் என்று கேட்டதுண்டு.

1. அவசரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகள் கொளஞ்சியம்மாள், வயது இருபத்து நான்கு, பீங்கான் கொட்டகையில் கல் மாவு சலிப்பவள். பீங்கான் தொழிலாளர் இலவச மருந்தகத்தில் ஒன்றரை வருட சிகிச்சையில் ஒன்பதாவது மாதம் நடக்கிறது. ஐந்து வாரமாக மாத்திரை வாங்கப் போகவில்லை. போன வாரம் முதல் சாயங்காலக் காய்ச்சல் மறுபடி வருகிறது. பாதியில் நிறுத்தினால் கிருமி முன்னைவிட முரடாகிவிடும், அப்புறம் அதே மாத்திரைக்கு அடங்காது என்று டாக்டரம்மா எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அவள் நின்றதற்குக் காரணம் நான்.

2. மணிமுத்தாற்றங்கரை வேம்பில் ஏறிய சீந்தில் தண்டும் ஆடாதோடை இலையும் திப்பிலியும் சேர்த்து நான் காய்ச்சும் கசாயம் ஜில்லா முழுக்கப் பெயர் பெற்றது. பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள் என் வாசலில் வரிசை கட்டும். வேப்பூரில் நிற்கும் லாரி டிரைவர்கள் இதில் ஒரு டம்ளர் குடிக்காமல் திருச்சிக்கு வண்டி எடுத்ததில்லை. (ஐயா அவர்கள் விசாரிக்கக்கூடும் என்பதால் திருத்துகிறேன்: ஒரு டிராக்டர், இரண்டு டிரைவர்கள்.)

3. மருந்தகத்து டாக்டர் நீலாவதி அம்மையார் இதைக் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், உட்காரச் சொன்னார். நம் உடம்பில் கிருமியைத் தேடிப் பிடித்து விழுங்கும் அணுக்கள் இருக்கின்றனவாம். காசநோய்க் கிருமி கெட்டிக்காரக் கிருமியாம்; விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துமாம். சீந்திலில் உள்ள கசப்புச் சத்து அந்த அணுக்களை உசுப்பிவிடுகிறதா என்று பார்க்கலாம் என்றார். கையில் ஊசி போட்டு மூன்றாம் நாள் வீக்கத்தை ஸ்கேல் வைத்து அளக்கும் பரிசோதனையை எனக்கும் செய்தார். என் வீக்கம் இருபத்திரண்டு மில்லிமீட்டர். ஜில்லாவிலேயே பெரியது என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தேன். அதைக் கேள்விப்பட்ட டாக்டரம்மா, “அது பலம் இல்லைங்க கலியமூர்த்தி. கிருமி எப்பவோ உள்ள வந்திருக்கு, ஒங்க ஒடம்பு அத ஞாபகம் வச்சிருக்கு, அவ்வளவுதான்” என்றார்.

4. பிறகு சென்ற மாசி மாதம் சோதனை தொடங்கியது. நோயாளிகள் இருபது பேர். மாத்திரை எல்லோருக்கும் உண்டு. டாக்டரம்மா முன்னால் அதை முழுங்கிய பிறகுதான் என்னிடம் வரவேண்டும். சீட்டுக் குலுக்கியதில் பத்துப் பேருக்கு நீல வளையம் போட்ட ஜாடியிலிருந்து கசாயம். மற்றப் பத்துப் பேருக்கு வளையம் இல்லாத ஜாடியிலிருந்து, வெல்லத்தைக் கருக்கிக் கசப்புச் சொட்டு விட்ட வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று குடிப்பவர்களுக்குத் தெரியக்கூடாது. ஆறு மாதம் கழித்து இரண்டு தரப்பையும் ஒப்பிட்டால் கசாயத்தின் பங்கு எவ்வளவு என்பது தனியே தெரிந்துவிடும். இரண்டு ஜாடிகளும் என் சூளையில் சுட்டவை. ஊற்றும் பொறுப்பும் எனக்கே.

5. கொளஞ்சியம்மாளுக்கு வந்த சீட்டு வெல்லத் தண்ணீர். மூன்று நாள் ஊற்றினேன். மூன்றாம் நாள் அவள் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, “மாமா கை மருந்து உள்ள எறங்குறதே தெரியுது” என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள். நான்காம் நாள் எனக்குக் கை வரவில்லை. அவளுக்குக் கசாயத்தை ஊற்றினேன். அவளுக்குப் பின்னால் டம்ளரோடு நின்ற மாயவன் மூன்று பிள்ளைகளின் தகப்பன். அவனுக்கு மட்டும் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? அந்த வாரம் முடிவதற்குள் வெல்லத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு இரண்டு ஜாடியிலும் கசாயத்தையே நிரப்பினேன். ஆறு மாதமும் அப்படியே நடந்தது. அப்போது நான் பெரிய தர்மம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

6. ஆவணியில் சளியும் எடையும் பார்த்தபோது இரண்டு தரப்பும் சரிசமமாகத் தேறியிருந்தார்கள். வேறெப்படி இருக்கும்? டாக்டரம்மா நேர்மையாக, வித்தியாசம் எதுவும் இல்லை, ஆகவே கசாயத்தால் பயனில்லை என்று புரட்டாசிக் கடைசியில் தங்களுக்கு எழுதி, கசாயத்தையும் நிறுத்திவிட்டார். அவர்மேல் துளிக் குற்றமும் இல்லை. அவர்கள் தேறியது கசாயத்தாலா, மாத்திரையாலா, இரண்டும் சேர்ந்தா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது, ஐயா. இந்த வார்த்தையை நான் இதற்குமுன் யாருக்கும் எழுதியதில்லை.

7. கசாயம் நின்ற வாரமே ஒன்பது பேர் மருந்தகத்துக்கு வருவதை விட்டார்கள். கூப்பிடப் போன என்னிடம் கொளஞ்சியம்மாள், “ஒங்க கசாயமே சும்மான்னு எழுதிட்டாங்களாம். அத நம்பித்தான மாமா அந்த மாத்திரையும் முழுங்கினேன். இனிமே எதுக்கு வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கணும்?” என்றாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். “ஒங்க பேச்சுல பாதியத் தள்ளிட்டு மீதிய வடிகட்டிக் குடிக்கணும்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவரும், “கசாயம் தோத்துப்போச்சின்னு ஒங்களால தாங்க முடியல. அதுக்கு இப்படி ஒரு கதையா?” என்று வருத்தமாகச் சிரித்தார். இத்தனை வருடம் நான் கூட்டிச் சொன்னதையெல்லாம் நம்பிய ஊர், ஒரே ஒரு உண்மையை நம்ப மறுக்கிறது.

8. சாட்சி உண்டு. தொடக்கத்திலேயே மருந்தகம் கொடுத்த இருபது கிலோ வெல்லத்தில் முதல் வாரச் செலவும் எறும்பு தின்றதும் போக மீதி என் வீட்டில் அப்படியே கிடக்கிறது. ஆள் அனுப்பி எடை போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே ஐயா அவர்கள், ஊற்றியவன் செய்த தவறால் இச்சோதனை செல்லாது என்று அறிக்கையில் குறிக்க வேண்டும். மாத்திரை முழுங்கியவர்களுக்குக் கசாயம் கொடுக்க மறுபடி அனுமதி தரவேண்டும். நான் காய்ச்சி வைக்கிறேன், நர்ஸ் கமலம் அம்மாள் ஊற்றட்டும். மறுபடி சோதனை வைத்தால், வரிசையில் சொந்தக்காரர் யாரும் இல்லாத ஆளாகப் பார்த்து ஊற்ற வைக்கவும். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றைய தபாலிலேயே முடிந்தால், ஆபீஸ் முத்திரையோடு ஒரு வரி எழுதி அனுப்பும்படி மன்றாடுகிறேன்: ‘மாத்திரை பொய்யல்ல, உன் மாமன் செய்ததுதான் பொய், நாளைக்கே மருந்தகத்துக்குப் போ.’ அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். கடிதம் என் கைக்கு வந்து நான் படித்துக் காட்டினால், இல்லாததைச் சேர்த்துப் படிக்கிறேன் என்பாள். ஆகையால் கொளஞ்சியம்மாள் பெயருக்கே அனுப்பவும்.

இடம்: விருத்தாசலம்
நாள்: 18-11-1971

இதில் ஒன்றும் கூட்டாமல் எழுதியவன்,
மு. கலியமூர்த்தி
(ஒப்பம்)