ஜூலைக்குள்

துக்குயு,
2 பிப்ரவரி 2014

அன்புள்ள துசேகிலே அக்காவுக்கு,

கோபப்படாமல் படி. பள்ளியிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். எப்போதும்போல் பெண்களை வரிசையில் நிறுத்தி, யாராவது கர்ப்பமா என்று சோதித்தார்கள். மேட்ரன் என் வயிற்றை அமுக்கி, "எத்தன மாசம்டி?" என்றார். அம்மாவிடமிருந்து வந்த எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அதனால்தான் வயிற்றில் கொழுப்பு என்று சொல்லியிருக்கலாம். வகுப்பே கேட்டுக்கொண்டிருந்தது. "நாலு மாசம்" என்று சொல்லிவிட்டேன்.

சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வாயால உண்டாக்கிட்ட, இனி வாயாலயே பெத்துக் குடு" என்கிறாள்.

இந்த வயிற்றுக் கொழுப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது என்று கிளினிக் நர்ஸ் சொன்னார். உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார். ஜூலைக்குள் வயிறு இறங்கினால் போதும். உன் வீட்டில் பெற்றேன், குழந்தை தங்கவில்லை என்று சொல்லி ஊருக்குத் திரும்பிவிடுவேன்.

உன்னையே நம்பியிருக்கும்,
சுபிலகா


தார் எஸ் சலாம்,
20 மார்ச் 2014

என் செல்லத் தங்கைக்கு,

கேட்டேன். அந்த ஊசி அமெரிக்காவில்தான் கிடைக்குமாம். தினமும் போட வேண்டும், நிறுத்தினால் வயிறு திரும்ப வந்துவிடும் என்றார் டாக்டர். வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று நர்ஸிடம் கேள். நீயாக மட்டும் எதையும் நிறுத்திவிடாதே.

இங்கே வராதே, தங்கம். அம்மா எதனால் இறந்தாள் என்று இவருக்குத் தெரியாது. மாமியார் உன்னைத் துருவிக் கேட்பாள். உனக்குப் பொய் சொல்லவும் வராது.

என்னை மன்னித்துவிடு.
துசேகிலே


துக்குயு,
11 ஜூலை 2014

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்த பிறகு இது நான்காவது கடிதம். முன்பு போட்ட மூன்றும் வந்தனவா?

வேறு மாத்திரை இங்கே இல்லையாம். ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டேன். முகம் ஒட்டிவிட்டது, கைகால் குச்சியாகிவிட்டது. வயிறு மட்டும் அப்படியே இருக்கிறது. இருமல் வேறு நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் கம்பளியில் குட்டித் தொப்பி பின்னிக் கொடுத்தாள். "என்னடி, உம்புள்ளைக்கு வெளிய வர மனசே இல்லையா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நேற்றுச் சந்தையில் மேட்ரனைப் பார்த்தேன். கோபமே இல்லை அவருக்கு. என் கன்னத்தைத் தொட்டு, "பொம்பளப் புள்ளதான் போல. அம்மா அழகையெல்லாம் எடுத்துக்கிட்டா பாரு" என்றார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கையில் கொடுத்தார். என்ன பெயர் வைப்பாய் என்று கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன், அக்கா.

சுபிலகா