தோற்றவன் கொண்டுவரும் எண்ணெய்

ஓய் இலஞ்சிக்காரரே,

இன்றைக்குச் சனிக்கிழமை. மருமகள் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். தலையில் வைப்பதற்காகக் காத்துக்கொண்டு நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு மைதான வாசலில் ஒரு பெண் மைக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பல தேசத்துக் கபடி கிளப்புகளைச் சேர்த்து ஒரு பெரிய போட்டி நடத்தலாமா என்று பேச்சு நடக்கிறதாம். ரசிகர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்கிறாள். ஒரு பையன் ‘செம’ என்றான். இன்னொருத்தன், அதெல்லாம் வந்தால் ஊர் மேட்சை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்றான். அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. என்னையறியாமல், “வாரும்வே, உம்ம ஆளு பேசுதான்” என்று சொல்லிவிட்டேன். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

இந்தச் சென்னைக் குடியிருப்பில் உம்மைத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லை. ஆகவே உமக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில் நம் சண்டை எப்படி இருந்தது! குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் தென்காசிக்கும் இலஞ்சிக்கும் ஒரு மேட்ச். நாம் அதைச் சடுகுடு என்றுதான் சொல்வோம், கபடி என்பது நோட்டீஸில் மட்டும்தான். நான் தென்காசியில் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன், நீர் இலஞ்சியில் உரக்கடை வைத்திருந்தீர். இரண்டு பேருக்கும் ஆடத் தெரியாது. கத்தத் தெரியும். மேட்சுக்கு ஒரு வாரத்துக்கு முன்பே வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைப் பார்த்துக்கொள்கிற ஆட்கள் நாம்.

அந்த எண்ணெய் வழக்கத்தை யார் ஆரம்பித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடிதடி வராமல் இருக்க எந்தப் புண்ணியவானோ செய்த ஏற்பாடு. தோற்ற ஊர் ரசிகர்கள் நல்லெண்ணெய் கொண்டுவர வேண்டும். ஜெயித்த ஊர் ரசிகர்களின் தலையில், ஆளுக்கு ஒரு தலை என்று, அதைத் தேய்த்துவிட வேண்டும். பிறகு எல்லாருமாக ஐந்தருவியில் போய் விழ வேண்டும். ஆடினவனுக்குக் கிடையாது இந்த மரியாதை, கத்தினவனுக்குத்தான். நாங்கள் ஜெயித்த ஒரு வருஷம் உமக்கு என் தலை அகப்பட்டது.

“குனியும்வே” என்றீர். குனிந்தேன். உம்முடைய விரல்கள் என் உச்சியில் இறங்கிய வேகத்தில் மேட்சில் போன அத்தனை பாயிண்டும் தெரிந்தது.

“மெள்ளவே! தலையா, தேங்காயா?”

“தேங்கான்னா உள்ள ஏதாச்சும் இருக்கும்லா!”

அப்படித்தான் பழக்கமானோம். மறுவருஷம் நாங்கள் தோற்றோம். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு கூட்டத்தில் உம்மைத் தேடிப் பிடித்தேன். அதன்பின் எந்த ஊர் ஜெயித்தாலும் என் தலை உமக்கு, உம் தலை எனக்கு என்று ஆகிவிட்டது. வேறு யாராவது என் தலையில் கைவைக்க வந்தால், “அது நம்ம உருப்படி” என்று அவனைத் தள்ளிவிடுவீர். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் பார்த்துக்கொண்டால் முதலில் திட்டுவோம், பிறகு டீ குடிப்போம்.

எண்பதுகள் பிறந்ததும் அந்தப் பேச்சு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலிருந்து ரயிலில் வந்த ஒரு மனிதர், கேரளத்துக் கிளப்புகளும் நம் பக்கத்துக் கிளப்புகளும் வருஷாவருஷம் மோதலாம் என்று யோசனை சொன்னார். சிலோனிலிருந்து ஒரு கிளப்பையும் கூப்பிடப் போகிறோம் என்றார். அவ்வளவுதான், தென்காசி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் கண்ணாடி தம்ளர்கள் அதிர்ந்தன. ஆனால் அதில் இரண்டு நிபந்தனை இருந்தது. தாலுகாவுக்கு ஒரு கிளப்தான் வரலாம், அதனால் தென்காசியும் இலஞ்சியும் ஒரே அணியாக ஆட வேண்டும். நடப்பதும் சாரல் காலத்தில்தான், அதனால் நம் ஊர் மேட்ச் கிடையாது.

அன்றைக்கு யாரும் நம்மிடம் மைக் நீட்டவில்லை. நீட்டியிருந்தால் மைக் உடைந்திருக்கும். “சிலோன்காரன் பாத்துட்டு நம்மாளக் கூட்டிட்டுப் போயிருவான்லே” என்றான் ஒருத்தன். “போனா போவட்டும், நம்ம பேரு கப்பல் ஏறும்லா” என்றான் இன்னொருத்தன். இலஞ்சிக்காரனும் தென்காசிக்காரனும் ஒரே நிறச் சட்டை போட்டால் எவனை வைவது என்று ஒரு பெரியவர் நிஜமாகவே கவலைப்பட்டார். எல்லாருக்கும் மேலே கேட்டது உம் குரல்தான்.

“நான் யாருக்குவே எண்ணெ தேய்க்க? புனலூர்க்காரனுக்கா? அவன் வெளிச்செண்ணெலா கேப்பான்!”

மலையாளத்தார் தேங்காய் எண்ணெயைச் சொல்கிற அந்தச் சொல்லை நீர் இழுத்துச் சொன்ன விதத்தில் கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு உள்ளே சிரிப்பு இல்லை.

தென்காசி அணியில் பாடிப் போகிறவன், அதாவது மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரி எல்லைக்குள் போய்த் தொட்டுவிட்டு வருகிறவன், என் தம்பி. அப்பா தவறிய பிறகு வீட்டில் இருந்த கவலையெல்லாம் அவன்தான். ஆட்டத்தைத் தவிர அவனுக்கு ஒன்றும் வராது. நல்ல ஆட்டக்காரர்களைப் போலீஸ் அணிக்கு எடுத்து வேலையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் சேறு மிதித்து ஆடுகிற நம் மேட்சைப் பார்க்க எந்த அதிகாரி வருவார்? அவனுக்கோ வயசு தாண்டிக்கொண்டிருந்தது. புனலூர்க்காரர் சொன்ன போட்டிக்குத் திருநெல்வேலியிலிருந்து போலீஸ் அதிகாரி ஒருவர் வருவதாகச் சொன்னார்கள். இதைப் பொதுவில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பிக்காக ஊர் மேட்சை விற்கிறான் என்று ஒரே பேச்சாகப் போய்விடும்.

அப்பாவின் வருஷத் திதிக்குத் தேங்காயும் வாழை இலையும் எடுத்துக்கொண்டு நீர் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறது. தம்பி அப்போது முற்றத்தில் சும்மா உட்கார்ந்து ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்.

“தம்பிக்கு என்னவே யோசன?” என்றீர். எல்லாவற்றையும் சொன்னேன். பாயசத்தை இன்னொரு தரம் வாங்கிக் குடித்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர். சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்குத்தான் அன்று முழுக்கக் குறுகுறுப்பு.

முடிவெடுக்க இலஞ்சித் தென்னந்தோப்பில் இரண்டு ஊர் ரசிகர்களும் கூடினோம். ஆடுகிறவர்கள், நீங்கள் சொல்கிறபடி செய்கிறோம் என்று ஒதுங்கி நின்றார்கள். நம் கூச்சல் இல்லாமல் அவர்களுக்குக் கால் எழும்பாது. வேண்டும் என்றவர்கள் குறைவு. வேண்டாம் என்பவர்கள் உம்மைத்தான் எழுப்பிவிட்டார்கள், முழங்கட்டும் என்று. நீர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினீர். தொண்டையைச் செருமினீர்.

“வருஷா வருஷம் நம்ம மேட்சப் பாக்கோம். எவனாச்சும் ஜெயிக்கான். நாம எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு வீட்டுக்குப் போயிருதோம். ஆடுதவன் எங்கவே போறான்? மறுநா காலைல அவன் சும்மாதான உக்காந்திருக்கான்? வெளிய நாலு பேரு பாத்தாத்தான அவனுக்கு ஒரு வழி பொறக்கும்? போட்டி நடக்கட்டும்.”

என் பெயரைச் சொல்லவில்லை. என் தம்பியின் பெயரையும் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறகு உம் ஊர்க்காரர்களிடமிருந்து வந்த வசவு இருக்கிறதே! தென்காசிக்கு விலைபோய்விட்டான் என்றார்கள். ஆனாலும் உம் பேச்சுக்கு அப்புறம் கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன, போட்டிக்குச் சம்மதமாயிற்று. அந்தச் சாரல் முழுக்க உம் கடைப் பக்கம் உம் சேக்காளிகள் எட்டிப் பார்க்கவில்லை. நீர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வேறு ஆட்கள் சொல்லித்தான் தெரியும்.

போட்டி செங்கோட்டையில் நடந்தது. சிலோன் கிளப் வரவில்லை, அது கடைசிவரை பேச்சாகவே போயிற்று. நமக்கு முதல் ஆட்டம் புனலூரோடு. ரயில் நிறைய அவர்கள் ரசிகர்கள். என் தம்பி முதலில் பாடிப் போனான். போன வேகத்தில் அவனை அமுக்கிவிட்டார்கள். உடனே நம் பக்கத்திலிருந்தே ஒரு பெரிய கைதட்டல். பார்த்தால், எல்லாம் இலஞ்சி ஆட்கள்! தென்காசிக்காரன் பிடிபட்டால் தட்டித் தட்டிப் பழகிய கை, தானாகத் தட்டிவிட்டது. அடுத்து உம் ஊர் நெட்டையன் போய் மாட்டினான். தென்காசிக் கூட்டம் விசிலடித்துக் குதித்தது. நானும்தான் குதித்தேன், பாதியில்தான் உறைத்தது. பக்கத்தில் நின்ற ஒரு புனலூர்க்காரர் குழம்பிப் போய், “நிங்ஙள் ஏது டீமா?” என்று கேட்டார்.

“அதான் எங்களுக்கும் தெரியல சேட்டா” என்றீர் நீர்.

ஆனால் ஆட்டக்காரர்கள் முகம் செத்துவிட்டது. சொந்த ஆட்களே கைதட்டினால் எப்படி ஆடுவார்கள்? அதிகாரி நாற்காலியில் சாய்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி மறுபடி பாட வேண்டிய முறை வந்தபோது கோட்டருகே நின்று தயங்கினான். அப்போது நீர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மைதானத்தின் ஓரத்துக்குப் போனீர்.

“ஏலே தென்காசி! ஏறிப் போலே! நாங்க இருக்கோம்லே!”

தென்காசி என்ற சொல்லை உம் வாய் நல்ல விதமாகச் சொல்லி அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. இலஞ்சி ஆட்கள் உம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தன் கத்தினான், அப்புறம் எல்லாரும். தம்பி உள்ளே போய் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க ஆள் இல்லை. தம்பி பின்னால் என்னிடம் சொன்னான்: “அந்தாளு கொரல் கேட்டா எப்பவும் கால் தானா பின்னால வரும்ணே. அன்னிக்கு அதே கொரல் போன்னு சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் தோணல, போயிட்டேன்.”

என்ன ஆடியும் கொஞ்சத்தில் தோற்றோம். ஆனால் அதிகாரி தம்பியைக் கூப்பிட்டுத் தோளைத் தட்டிப் பார்த்துவிட்டு, திருநெல்வேலிக்கு வரச் சொன்னார். அவன் ஓடிவந்து என் காலைத் தொட்டான். நான் உம்மைத் தேடினேன். நீர் சைக்கிளில் தொங்கிய பையைத் துழாவிக்கொண்டிருந்தீர். உள்ளே இரண்டு பாட்டில். ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் தேங்காய் எண்ணெய்.

“தோக்கணும்னு நெனச்சிட்டே வந்தீராக்கும்?” என்றேன்.

“பெறகு? நீரும் நானும் ஒரே பக்கம் கத்துனா வெளங்குமாவே?”

புனலூர்க்காரர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனோம். விஷயம் புரியாமல் வந்தார்கள், புரிந்ததும் சிரித்துக்கொண்டே தலையைக் கொடுத்தார்கள். ‘ஏது டீமா’ என்று கேட்டவருக்கு நீரே வெளிச்செண்ணெய் தேய்த்துவிட்டீர். எல்லாம் முடிந்து நான் அருவிக்குள் போகப் பார்த்தபோது பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தீர். கையில் நல்லெண்ணெய் பாட்டில்.

“குனியும்வே.”

“நாம தோத்துட்டோம்வே!”

“நான் தோத்தேன். உம்ம வீடு ஜெயிச்சிருக்கு. குனியும்.”

அன்றைக்கு நீர் மெதுவாகத்தான் தேய்த்தீர். நான் குனிந்தே இருந்தேன், நிமிர்ந்தால் முகம் தெரிந்துவிடும். அருவித் தண்ணீரில் அழுதால் யாருக்குத் தெரியப் போகிறது என்று உடனே ஓடிப் போய் நின்றுகொண்டேன். உமக்குத் தெரிந்திருக்கும்.

அந்தப் போட்டி அதிக காலம் ஓடவில்லை. நம் மேட்ச் திரும்பி வந்தது, உம் சேக்காளிகளும் கடைக்குத் திரும்பி வந்தார்கள். தம்பி போலீஸில் சேர்ந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இன்ஸ்பெக்டராகி ஓய்வும் பெற்றுவிட்டான். எங்கள் வீட்டுச் சோறு அந்தத் தோப்பில் நீர் பேசிய பேச்சில் வந்தது. நன்றி என்று இதை உம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தால், “டீ வாங்கித் தாரும்வே, போதும்” என்று அடக்கிவிடுவீர்.

நீர் போன செய்தி வந்ததும் தம்பியும் நானும் இலஞ்சிக்கு வந்தோம். குளிப்பாட்டுவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து உம் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தார்கள். நாங்கள் வேறு ஊர், வேறு குடும்பம், தள்ளியே நின்றோம். உம் மகன் வந்து என் கையைப் பிடித்தான். “வாங்க சித்தப்பா. இந்தத் தல உங்களுக்குன்னு அப்பா சொல்லுவாங்க” என்றான்.

வைத்தேன். குனியும் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பின்னால் தம்பி வைத்தான், அத்தனை பெரிய ஆள், பாதி எண்ணெயைக் கீழே சிந்திவிட்டான். வழக்கப்படி தோற்றவர்கள்தானே கொண்டுவர வேண்டும், நாங்கள் இரண்டு பேரும் உம்மிடம் அப்படித் தோற்றிருந்தோம்.

மருமகள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். டிவியில் இன்னும் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் கேட்டால், போட்டி நடக்கட்டும், எண்ணெய் மட்டும் தோற்றவன் கொண்டுவரட்டும் என்பேன். எல்லாச் சனிக்கிழமையும் போல இன்றும் முதல் கை எண்ணெயை உச்சியில் வைக்கும்போது குனிந்துகொள்கிறேன். தேய்ப்பது என் கைதான். ஆனாலும், மெள்ளவே, என்று சொல்லத்தான் வாய் வருகிறது.