கம்பி ஆடவில்லை

மருமகன் நேற்று ஒரு கேமரா ஸ்டாண்டு வாங்கி வந்து கூடத்தில் நிறுத்தியிருக்கிறார். அலுமினியக் கால்கள், இழுத்தால் நீள்கின்றன, தட்டினால் மடங்குகின்றன. காலையிலிருந்து அதையே சுற்றிச் சுற்றி வருகிறேன். உட்கார முடியவில்லை. உங்களிடம் சொன்னால்தான் அடங்கும் போலிருக்கிறது.

உங்களுடையது மர ஸ்டாண்டு. அப்போது நாம் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரத்தில், என் அப்பா வீட்டில் இருந்தோம். வேலையில்லாமல் கேமராவும் கையுமாக அலையும் வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரே உங்களைக் கிண்டல் செய்தது. சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவும், "மாப்ள, இன்னைக்கு யாரப் புடிச்சீங்க?" என்பார். நீங்கள் தலை நிமிராமல் சாப்பிடுவீர்கள். நான்தான் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன்.

பொள்ளாச்சி ஸ்டுடியோக்காரர், "உசுருள்ள காட்டு மிருகம் ஒண்ண ஆடாமப் படம் புடிச்சுட்டு வாங்க, வேலை தர்றேன்" என்றார். வேலை கிடைத்தால் நமக்கென்று தனி வீடு. அதற்காகத்தானே திருச்சூர் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம்? இருங்கள், அடுப்பில் பால் பொங்குகிறது.

வந்துவிட்டேன். பஸ் கூரையில் யாரோ அடுக்கிய வாழைத்தாருக்கு அடியில் சிக்கி, ஸ்டாண்டின் ஒரு கால் முறிந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் புலிக்கூண்டின் இருட்டைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"வெளிச்சம் பத்தாது புள்ள. கையில புடிச்சா ஆடிப்போகும். உன்ற தோள்ல வெச்சுக்கறேன்."

"ஏனுங்க, என்ற தோள்லயா? நானு ஒரு எடத்துல நின்னு பாத்திருக்கீங்களா?"

"இன்னைக்கு நில்லு."

நின்றேன். வலது தோளில் கேமரா, பின்னால் நீங்கள், எதிரில் புலி. அது அந்த மூலைக்கும் இந்த மூலைக்குமாக நடந்துகொண்டே இருந்தது. நம் சாதிதான் இது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது மட்டும் சற்று நிற்கும், அதற்காகக் காத்திருந்தீர்கள். என் காலில் எறும்பு ஏறியது. "மூச்சு உடாத" என்றீர்கள். விடவில்லை. ஒருவழியாகக் கேமரா சொடுக்கியது. "ஆச்சு புள்ள, இனி ஆடிக்கோ" என்றீர்கள்.

படத்தைக் கழுவிப் பார்த்தால் புலியின் முகம் கலங்கிக் கிடந்தது. நின்ற இடத்திலேயே தலையை உதறியிருக்கிறது, பாவி! நான் நின்றேன், அது நிற்கவில்லையே என்று எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அந்தப் படத்தையே எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குக் கிளம்பினீர்கள். நானும் தொற்றிக்கொண்டேன்.

ஸ்டுடியோக்காரர் வாசல் வெளிச்சத்தில் படத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார். "புலி ஆடியிருக்குதுங்க. ஆனா கூண்டுக் கம்பியப் பாருங்க, ஊசியாட்டத் தெளிவா இருக்குது. அந்த இருட்டுல கேமரா ஆடவே இல்லியே! எந்த ஊரு ஸ்டாண்டுங்க?"

"ஊட்டுல இருந்து கூட்டியாந்தனுங்க" என்று என்னைக் காட்டினீர்கள். அவர் சிரித்த சிரிப்பில் வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அடுத்த மாதமே பொள்ளாச்சியில் தனிக் குடித்தனம் போனோம்.

இன்றும் யாராவது வலது தோளைத் தொட்டால் என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. நீங்கள் போன அன்று வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தோளில்தான் கை வைத்தார்கள். நான் அசையாமல் நின்றேன். "எப்படித் தாங்கிட்டு நிக்கறா பாரு" என்று பேசிக்கொண்டார்கள். இனி ஆடிக்கோ என்று யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நீங்கள் கூடத்தில் படுத்திருந்தீர்கள்.